தோற்றபோது யாரைத் திட்டினீர்கள்? வீடியோ கேம் அனுபவத்தைப் பிரித்துப் பார்க்க ஓர் எளிய வழி

ஒரு வீடியோ கேமை விளையாடி முடித்தவரிடம் அது எப்படி இருந்தது என்று கேட்டால், 'செமயா இருந்துச்சு' என்றோ 'மொக்கை' என்றோ ஒற்றைச் சொல்லில் பதில் வந்துவிடும். அந்தச் சொல் பொய்யன்று. ஆனால் அது தீர்ப்புதானே தவிர ஆய்வு அன்று. அந்த உணர்வு எந்த நொடியில் எழுந்தது, அதை எழுப்பியது விளையாட்டின் எந்த விதி, அந்த விதி வேறாக இருந்திருந்தால் உணர்வும் வேறாகியிருக்குமா என்று பின்னோக்கித் துருவிச் செல்வதையே வடிவமைப்புக் கோட்பாடுகளின் வழியான ஆய்வு என்கிறார்கள். இதற்குக் கணினி அறிவோ நிரல் எழுதும் பழக்கமோ தேவையில்லை. ஏதேனும் ஒரு விளையாட்டில் தோற்று எரிச்சலடைந்த அனுபவம் இருந்தால் போதும்.

தோல்வியைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வென்றுகொண்டிருக்கும்போது நாம் எதையும் கவனிப்பதில்லை. தோற்ற நொடியில்தான் வாய் தானாகத் திறக்கிறது. அப்போது யாரைத் திட்டுகிறோம் என்பதே ஆய்வுக்குக் கிடைக்கும் முதல் தடயம். 'சே, லேட்டா அமுக்கிட்டேன்' என்பவர் தன் திறமையைக் குறை சொல்கிறார். அவர் மறுபடி விளையாடுவார். 'நான் அமுக்குனேன், அது குதிக்கல' என்பவர் கைக்கும் திரைக்கும் இடையே உள்ள இணைப்பைக் குறை சொல்கிறார். 'இது ஏமாத்துது' என்பவரோ விதிகளின் நேர்மையையே சந்தேகிக்கிறார். விளையாட்டு ஒன்றாகவே இருந்தாலும் இந்த மூன்று வசவுகளும் வடிவமைப்பின் மூன்று தனித்தனி இடங்களைச் சுட்டுகின்றன.

சென்ற கோடை விடுமுறையில் உசிலம்பட்டியிலிருந்து அக்கா மகன் செல்லூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். ஒன்பது வயது. கைபேசியில் விளையாடிப் பழகியவன், ஆனால் மாரியோவைப் பார்த்ததில்லை. பரணில் கிடந்த பழைய டிவி கேமைத் துடைத்து இணைத்துக் கொடுத்தேன். (அதன் பெட்டியில் 9999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருக்கும், ஒரே விளையாட்டு வேறு வேறு எண்ணில் திரும்பத் திரும்ப வரும் என்பது அதை வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும்.) எப்படி விளையாடுவது என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

நின்டெண்டோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டை ஷிகெரு மியமோட்டோவும் தகாஷி டெசுகாவும் வடிவமைத்தார்கள். அதன் முதல் கட்டத்தில் மாரியோ திரையின் இடப்பக்கத்தில், வலப்பக்கம் பார்த்தபடி நிற்கிறான். எதிரே வெற்றிடம். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஓர் எழுத்தும் திரையில் இல்லை. பையன் முதலில் இடப்பக்கம் போய்ப் பார்த்தான். திரையின் ஓரம் தடுத்துவிட்டது. வலப்பக்கம் நகர்ந்தான், உலகம் விரிந்தது. போகும் வழியைக் கற்பித்தாயிற்று, மூன்று விநாடிகளில், ஒரு சொல்கூட இல்லாமல்.

அடுத்து, கேள்விக்குறி போட்ட ஒரு கட்டி மேலே மின்னிக்கொண்டிருந்தது. கீழே, புருவத்தைச் சுளித்தபடி கும்பா என்னும் சிறு எதிரி அவனை நோக்கி வந்தது. 'மாமா, இது என்னையவே மொறைச்சுக்கிட்டு வருது' என்றான். அந்தச் சுளித்த புருவம் செய்ய வேண்டிய வேலை அதுதான். தொட்டான், ஒரு லைஃப் போனது. ஆனால் கட்டத்தின் தொடக்கத்திலேயே செத்ததால் இழந்தது சில விநாடிகள் மட்டுமே. இரண்டாம் முறை குதித்தபோது தலை கட்டியில் மோதிக் காசு வந்தது. அடுத்த வரிசையில் இருந்த கேள்விக்குறிக் கட்டியை வேண்டுமென்றே மோதினான். அதிலிருந்து ஒரு காளான் வெளிவந்து வலப்பக்கம் நகர்ந்து கீழே விழுந்தது. கும்பாவின் தலையும் காளான் போலவே இருப்பதால் அவன் பயந்து நின்றான். காளானோ சற்றுத் தள்ளியிருந்த பச்சைக் குழாயில் முட்டித் திரும்பி அவனிடமே வந்தது. தப்பிக்கக் குதித்தான், மேலே கட்டி வரிசை கூரைபோல் மறிக்க, தலை இடித்துக் காளான் மேலேயே விழுந்தான். மாரியோ பெரியவனானான். 'அய், வளந்துட்டேன்!' என்றான்.

இது தற்செயலன்று. பயந்தவனுக்கும் காளான் கிடைத்தே தீரும்படி குழாயையும் கூரையையும் அங்கே வைத்ததைப் பற்றி மியமோட்டோ பிற்காலத்தில் விளக்கிச் சொல்லியிருக்கிறார். எதிரியைத் தொட்டால் சாவு, கட்டியை மோதினால் பரிசு, பரிசிலும் உயிருள்ளதுபோல் நகர்வன உண்டு என்ற மூன்று பாடங்களும் ஒரு நிமிடத்துக்குள் நடந்து முடிந்தன. அதே கட்டத்தின் இறுதிப் பகுதியில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. எதிரெதிரே ஏறி இறங்கும் இரண்டு படிக்கட்டுகள், நடுவே தரை. தாண்டத் தவறினாலும் ஒன்றும் ஆகாது. சற்றுத் தள்ளி அதே போன்ற இரண்டு படிக்கட்டுகள், இப்போது நடுவே பள்ளம். முதலாவது ஒத்திகை, இரண்டாவது தேர்வு.

இந்த ஒரு நிமிடத்தை வைத்தே சில அடிப்படைக் கருத்துகளைப் பெயர் சொல்லி அறிந்துகொள்ளலாம். முதலாவது, ஒரு பொருள் தன்னை வைத்து என்ன செய்யலாம் என்று தானே காட்டிக்கொடுப்பது. குடத்தின் கழுத்தைப் பார்த்ததும் விரல்கள் அங்கே போகின்றன. அதன் வயிறு இடுப்பில் ஏறும்படி வளைந்திருக்கிறது. யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இதற்கு ஆங்கிலத்தில் அஃபோர்டன்ஸ் என்ற சொல்லை உருவாக்கியவர் ஜேம்ஸ் கிப்சன் என்ற உளவியலாளர். அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பைப் பேசுவதற்கு அதை 1988இல் எடுத்தாண்டு பரவலாக்கியவர் டொனால்ட் நார்மன். 'செயல்குறிப்பு' என்று நாம் வைத்துக்கொள்ளலாம். மின்னும் கேள்விக்குறி ஒரு செயல்குறிப்பு. இரண்டாவது, பின்னூட்டம்: செய்த செயலுக்கு உடனே, தெளிவாக, ஒலியாகவும் அசைவாகவும் பதில் கிடைப்பது. கட்டியை மோதியதும் அது சற்றே எம்பி இறங்குகிறது, காசு துள்ளுகிறது, ஓர் ஒலி கேட்கிறது. இவற்றில் ஒன்றை எடுத்துவிட்டாலும் விதி மாறாது, ஆனால் கையில் உணரும் நிறைவு குறைந்துவிடும்.

பெயர்களைத் தெரிந்துகொண்டதும் எல்லாவற்றுக்கும் ஒட்டுச்சீட்டு ஒட்டத் தோன்றும். அது தொடக்கநிலையாளர்கள் வழுக்கும் இடம். 'இங்கே நல்ல பின்னூட்டம் உள்ளது' என்று எழுதுவதால் வாசிப்பவருக்கு எதுவும் தெரியவருவதில்லை. எந்தச் செயலுக்கு, எவ்வளவு விரைவில், எந்த வடிவில் பதில் கிடைத்தது, அதனால் அடுத்ததாக நான் என்ன செய்தேன் என்பதைச் சொன்னால்தான் அது ஆய்வாகும்.

இந்தத் தனித்தனிக் கருத்துகளைக் கோத்துப் பார்க்க ஒரு சட்டகம் இருக்கிறது. ராபின் ஹுனிக்கே, மார்க் லெப்லாங்க், ராபர்ட் ஸூபெக் ஆகிய மூவரும் 2004இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, விளையாட்டை மூன்று அடுக்குகளாகப் பிரிக்கிறது. அடியில் இருப்பது விதி: எழுதி வைக்கப்பட்டவை, எண்கள், கருவிகள். நடுவில் இருப்பது இயக்கம்: அந்த விதிகளின்படி ஆள் விளையாடும்போது நிகழ்கின்றவை. மேலே இருப்பது உணர்வு: அச்சம், போட்டி, கண்டுபிடிப்பு, தோழமை முதலியவை. வடிவமைப்பவர் விதியைத்தான் தொட முடியும். உணர்வை நேரடியாக ஊற்ற முடியாது. விளையாடுபவருக்கோ முதலில் தெரிவது உணர்வுதான். ஒருவர் கீழிருந்து மேலே ஏறுகிறார், மற்றவர் மேலிருந்து கீழே பார்க்கிறார். ஆய்வு செய்பவர் மேலிருந்து கீழே, ஓர் அடுக்கையும் தாண்டிக் குதிக்காமல் இறங்க வேண்டும்.

நடு அடுக்கு ஏன் தேவை என்பதை வீடியோ கேமைவிட ஆடுபுலி ஆட்டம் தெளிவாகக் காட்டும். மதுரையைச் சுற்றியுள்ள பழைய மண்டபங்களின் கல்தரையில் அதன் கட்டம் வெட்டப்பட்டிருப்பதைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். மூன்று புலிகள், 15 ஆடுகள், கோடுகள் சந்திக்கும் 23 புள்ளிகள். ஆடுகளை ஒவ்வொன்றாகத்தான் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் வைத்து முடிக்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. விதிகளில் 'பயம்' என்ற சொல் எங்கும் இல்லை. ஆனால் தொடக்கத்தில் ஆடு வைப்பவர் ஒவ்வொரு காயையும் பலி கொடுப்பதுபோல் வைக்கிறார், புலி ஆடுபவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பத்து, பன்னிரண்டு ஆடுகள் இறங்கிய பிறகு, ஆடுகள் ஒன்றுக்கொன்று பின்னால் நின்று காக்கத் தொடங்கும்போது, நிலைமை மெல்லத் தலைகீழாகிறது. இப்போது புலிக்காரர்தான் வழி தேடுகிறார். ஒரே பலகை, ஒரே விதி, இரண்டு அனுபவங்கள். ஆகவே 'இந்த விளையாட்டு தரும் உணர்வு' என்று பொதுவாக எழுதாமல், யாருக்கு, ஆட்டத்தின் எந்தக் கட்டத்தில் என்று குறிப்பிட வேண்டும்.

மறுபடியும் வசவுக்கு வருவோம். 'நான் அமுக்குனேன், அது குதிக்கல' என்ற குற்றச்சாட்டை ஆராயும்போது வியப்பான ஒன்று வெளிப்படுகிறது. பல நேரங்களில் குதிக்காததற்குக் காரணம், விளையாடுபவர் உண்மையிலேயே தாமதமாக அழுத்தியதுதான்; மேடையின் விளிம்பை விட்டுக் கால் நழுவிய பிறகே பட்டனை அழுத்தியிருக்கிறார். ஆனால் அவர் மனத்தில் கால் இன்னும் மேடையில்தான் இருந்தது. கண்டிப்பான விதி சரியானதாக இருந்தும் அநியாயமாகத் தோன்றும் இடம் இது. 2018இல் வெளிவந்த செலெஸ்ட் என்ற மலையேறும் விளையாட்டில் இதற்கு ஒரு தீர்வு இருக்கிறது: மேடையை விட்டு நழுவிய பிறகும் விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் வரை குதிக்க அனுமதி உண்டு. விளிம்பைத் தாண்டி ஓடியும் கீழே பார்க்கும்வரை விழாமல் காற்றில் நிற்கும் கார்ட்டூன் கொயோட்டியின் (ஓநாய் போன்ற விலங்கு) நினைவாக இதைக் கொயோட்டி நேரம் என்பார்கள். விளையாடுபவருக்கு இந்தச் சலுகை தெரிவதேயில்லை. 'நான் சரியான நேரத்தில் குதித்தேன்' என்ற பெருமை மட்டுமே தெரிகிறது. செலெஸ்ட் கடினமான விளையாட்டு என்று பெயர் பெற்றது. அதில் நூற்றுக்கணக்கான முறை செத்தவர்களும் விளையாட்டைத் திட்டாமல் தங்களையே திட்டிக்கொண்டு தொடர்வதற்கு இந்த மறைமுகக் கருணையும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

கடினம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப் பற்றி மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் 1970களில் முன்வைத்த கருத்து விளையாட்டுத் துறையில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. திறனைவிடச் சவால் மிகுந்தால் பதற்றம், குறைந்தால் சலிப்பு, இரண்டும் ஒத்துச் செல்லும்போது நேரம் போவதே தெரியாத ஒன்றிப்பு. சொல்வதற்கு எளிது; திறன் கூடக்கூடச் சவாலையும் கூட்டுவதில்தான் வேலை இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கையான வரலாறும் உண்டு. டோமோஹிரோ நிஷிகாடோ 1978இல் உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 எதிரிகள் வரிசையாக நின்று மெல்ல இறங்கி வருவார்கள். அத்தனை பேரையும் திரையில் வரைவது அன்றைய கணினிச் சில்லுக்குச் சுமை. சுட்டு வீழ்த்த வீழ்த்தச் சுமை குறைந்து மிஞ்சியவர்கள் விரைவாக நகரத் தொடங்கினார்கள். இது திட்டமிட்டதன்று, ஆனால் விறுவிறுப்பு கூடுவதைக் கண்டு அவர் அதை அப்படியே விட்டுவிட்டார். வென்றுகொண்டிருக்கும்போதே பதற்றம் ஏறுவது என்ற உணர்வு, வன்பொருளின் இயலாமையிலிருந்து பிறந்தது.

கைபேசி விளையாட்டுகளுக்கு வந்தால் கேள்வி சற்று மாறுகிறது. 2012இல் வந்த கேண்டி க்ரஷ் சாகாவில் ஐந்து லைஃப்கள். தீர்ந்துவிட்டால் ஒவ்வொன்றும் நிரம்ப 30 நிமிடம் காத்திருக்க வேண்டும், அல்லது நண்பர்களிடம் கேட்க வேண்டும், அல்லது பணம் கொடுக்க வேண்டும். மாரியோவிலும் லைஃப் உண்டு, தீரவும் செய்யும். ஆனால் தீர்ந்தால் தொடக்கத்திலிருந்து உடனே ஆடலாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் முன்னது நேரத்தை விதியாக்குகிறது, பின்னது திறமையை விதியாக்குகிறது. காத்திருப்பு எல்லாம் தீயது என்று சொல்ல வரவில்லை. என் அக்காவைக் கேட்டால் அந்த 30 நிமிடம்தான் உலையைக் கவனிக்க நேரம் தருகிறது என்பாள். கணக்கில் கொள்ள வேண்டியது, இந்த விதி யாருடைய தேவைக்காக வைக்கப்பட்டது என்பது. அக்கா மகன் விளையாடும் வேறொரு விளையாட்டில், நிலை முடிந்ததும் வரும் விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறி அரிசிமணி அளவே இருக்கும். அவன் விரல் அதைத் தொட்டால் பாதி நேரம் விளம்பரம்தான் திறக்கும். அங்கே செயல்குறிப்பு என்ற அதே கோட்பாட்டைத் தெரிந்தவர்கள்தான் அதை மறுபக்கமாகத் திருப்பியிருக்கிறார்கள்.

சொந்தமாக ஆய்வு எழுதத் தொடங்குபவர் முழு விளையாட்டையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நிமிடம் போதும், அது உங்களைச் சிரிக்கவோ சினக்கவோ வைத்த நிமிடமாக இருக்கட்டும். அதே பகுதியைத் திரும்ப ஆடி, என்ன செய்தேன், விளையாட்டு என்ன பதில் சொன்னது, எனக்கு என்ன தோன்றியது என்பதை வரிசையாக நோட்டில் எழுத வேண்டும். பிறகு அந்த விளையாட்டை அறியாத ஒருவரை ஆடவிட்டு, பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். இதில் மிகக் கடினமான பகுதி வாயைத் திறக்காமல் இருப்பதுதான். எங்கள் தெருவில் கேரம் ஆடினாலே சுற்றி நின்று நான்கு பேர் யோசனை சொல்வார்கள்.

கடைசிப் படி, விதியை மாற்றிப் பார்ப்பது. இந்த உணர்வுக்கு இந்த விதிதான் காரணம் என்று நினைத்தால், அந்த விதி வேறாக இருந்தால் என்னவாகும் என்று கேட்க வேண்டும். உணர்வு மாறாது என்று தோன்றினால் ஊகம் தவறு. டெட்ரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பாஜித்னோவ் உருவாக்கிய அதில் ஏழு வகை வடிவங்கள் மேலிருந்து விழும், அவற்றை இடைவெளியில்லாமல் அடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குருட்டுத்தனமாகத் தேர்ந்தெடுத்தால், நாம் குழி விட்டுக் காத்திருக்கும் நீளக்கட்டை எத்தனை முறை ஆனாலும் வராமல் போகக்கூடும். பிற்காலப் பதிப்புகளில் ஏழு வடிவங்களையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்த்த பிறகே மறுபடி பையை நிரப்புகிறார்கள். அதனால் ஒரு நீளக்கட்டைக்கும் அடுத்ததற்கும் இடையே 12 வடிவங்களுக்கு மேல் வர வழியில்லை. முன்பு வேண்டுதலாக இருந்த காத்திருப்பு இப்போது கணக்காகிவிட்டது.

இதை மாலையில் யோசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. அம்மா தாயக்கட்டையை எடுத்தார். இரண்டு பித்தளைக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகங்கள். ஒன்று விழுந்தால்தான் தாயம். தாயம் போட்டால்தான் காய் இறங்கும். 16 சேர்க்கைகளில் இரண்டில் மட்டுமே ஒன்று விழும், அதாவது எட்டில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால், எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் போவதற்கு ஏறத்தாழ 34 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. எங்களுக்கு நடந்ததும் அதுதான். அம்மாவின் காய்கள் பாதி தூரம் போய்விட்டன. பையனுக்கும் எனக்கும் ஒன்றும் இறங்கவில்லை. அவன், 'அம்மாச்சி, இந்தக் கட்டை ஏமாத்துது' என்றான். மூன்றாம் வகை வசவு.

அம்மா யோசிக்கவே இல்லை. 'சரி, அஞ்சு தடவை விழலேன்னா சும்மாவே இறக்கிக்க' என்று புதிய விதி ஒன்றைச் சேர்த்தார். அவன் காய் இறங்கியது. அடுத்த சுற்றிலேயே என் அம்மாவின் காயை வெட்டத் துரத்த ஆரம்பித்துவிட்டான். எனக்கும் ஐந்து முறைக்கு மேல் ஆகியிருந்ததால் நானும் காயை எடுத்து வைத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

'அவென் சின்னப் பய, எந்திரிச்சுப் போயிருவான். நீ எங்க போகப் போற? உருட்டு.'